பின்னால் வந்த தோட்டம்

டிஸ்கித் பெரிய வீட்டுச் சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டுக் குட்டி வீட்டுக்குக் குடிபோன மறுநாள் காலை, பெரிய வீட்டுக் காய்கறித் தோட்டமும் அவள் பின்னாலேயே போய்விட்டது. மேலே மூடியிருந்த பனியோடுதான் போனது. முந்தின நாள் அந்தப் பனியில் நாய் நடந்த தடம்கூட அழியவில்லை. மூலையில் நின்ற கோணல் வில்லோ மரம், பட்டாணிக் கொடிக்கு ஊன்றி விட்டுப்போன காய்ந்த குச்சிகள், ஆட்டுக்குப் பயந்து போட்ட முள்வேலி எல்லாம் ஒன்றுவிடாமல் குட்டி வீட்டு வாசலில் வந்து நின்றன. பழைய இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அடியில் வெறும் சரளைக்கல். லுங்மார் கிராமத்தில் அந்தக் குளிர்காலம் நடந்த இரண்டு விஷயங்களில் இது ஒன்று. இன்னொன்று, மண்ணெண்ணெய் வராமல் போனது. மண்ணெண்ணெயைப் பற்றித்தான் ஊரில் பேச்சு அதிகம்.

ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கில் எங்கள் பக்கத்து ஊர்களில் மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் வந்துவிட்டால், பெற்றவர்கள் பெரிய வீட்டைவிட்டு இறங்கி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் குட்டி வீட்டுக்குப் போய்விட வேண்டும். யாரும் யாரையும் துரத்துவதில்லை. மேளம் தட்டி, சாங் என்னும் பார்லிக் கள்ளை வழிய வழிய ஊற்றி, கழுத்தில் வெள்ளைத் துண்டு போட்டு, சிரித்துக்கொண்டேதான் அனுப்பிவைப்பார்கள். இறங்கிப் போனவர்கள் சாப்பிட வரலாம், களை பறிக்க வரலாம், சண்டை போடக்கூட வரலாம். அந்தக் கூரைக்குக் கீழே மறுபடி ராத்தங்க மட்டும் கூடாது. டிஸ்கித்துக்கு அப்போது நாற்பத்தேழு வயது. தன் மாமியார் இறங்கிப் போன அன்று, கிழவி போகிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தக் கிழவிக்கும் ஏறக்குறைய இதே வயதுதான் இருந்திருக்கும்.

டிஸ்கித் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஊரில் குறைவு. தேநீரை நின்றுகொண்டே குடிப்பாள். கோயிலில் பூஜை நடக்கும்போது, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி நடுவில் எழுந்து வெளியே போய்விட்டு வருவாள். ஊரில் எந்த வீட்டில் கல்யாணமோ, பிள்ளை பிறந்த விருந்தோ, அங்கே முதல் ஆளாக நுழைந்து கடைசி ஆளாக வெளியே வருவாள். மற்ற நேரமெல்லாம் தோட்டம்தான். அவள் புருஷன் மோதுப் நேர்மாறு. பிறந்ததிலிருந்தே குட்டி வீட்டுக்குப் போகக் காத்திருந்த மனுஷன். குடிபோன அன்று அடுப்புப் பக்கத்தில் ஒரு இடத்தைப் பார்த்து உட்கார்ந்தவன், அது தனக்காகவே செய்ததுபோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

சாவிக்கொத்து, பித்தளைக் கரண்டி, செப்புக் குண்டான்கள், வெண்ணெய்ப் பானை, பசுக்கள், சாணி வறட்டி அடுக்கின கூரை எல்லாவற்றையும் டிஸ்கித் முறைப்படி மருமகள் யாங்டோல் கையில் ஒப்படைத்தாள். ஒன்றே ஒன்றைத்தான் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் பனி தானாக உருகட்டும் என்று காத்திருந்தால் விளைச்சல் முற்றுவதற்குள் அடுத்த பனி விழுந்துவிடும். அதனால் இலை உதிரும் காலத்திலேயே கறுத்த மண்ணாகப் பார்த்துச் சலித்து, கூடையில் அள்ளி, மாடிப்படிக்குக் கீழே உறையாமல் காப்பாற்றி வைப்போம். வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும் அதைப் பனிமேல் தூவினால் கறுப்பு மண் சூட்டை வாங்கிக்கொள்ளும், பனி சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். வயலுக்கான கூடைகளை டிஸ்கித் தொடவில்லை. தோட்டத்துக் கூடையை மட்டும் படுக்கை விரிப்புக்குள் சுற்றி, முதுகில் கட்டிக்கொண்டு, மேளத்துக்கு முன்னால் நடந்து போய்விட்டாள். வெறும் மண்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தான் எடுத்தது திருட்டு என்றும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் கதவைத் திறந்தவன் மோதுப்தான்.

"அடியே, தோட்டம் வந்திருக்கு," என்றான், தபால்காரர் வந்திருக்கிறார் என்பதுபோல.

"வந்தா உள்ள வரச் சொல்லுங்க," என்றாள் டிஸ்கித், அவன் தூக்கக் கலக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்து. பிறகு வெளியே வந்து பார்த்தாள். காரணம் சட்டென்று புரிந்துவிட்டது. மண் போன வழியே தோட்டமும் வந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு முன்னால் சந்தோஷம் வந்துவிட்டது. பொங்கிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தவளைத் தேடி ஒன்றாவது வந்திருக்கிறதே.

மகன் ரிக்ஸின் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அம்மா, இதென்ன கூத்து? தோட்டத்த அனுப்பி வை."

"நானாடா கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்? நீயே சொல்லு, போனாப் போகட்டும்."

அவன் உண்மையிலேயே தோட்டத்தைப் பார்த்துப் போகச் சொன்னான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கல்யாணமான புதிதில் ஊர் சிரிக்கும்படி ஆனதை அவன் வெகுநாள் மறக்கவில்லை. பிறகு ஜோசியம் பார்க்கும் லாமா வந்து, பாசிமணியை உருட்டி, மண்ணுக்கடியில் தூங்கும் நாகங்களுக்கு ஏதோ மனக்குறை என்றார். யாராவது எடுக்கக் கூடாத மண்ணை எடுத்தீர்களா என்று கேட்டார். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். டிஸ்கித் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். யாங்டோல் மட்டும் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். ஊற்றுக்குப் பால் ஊற்றினார்கள். தோட்டம் அசையவில்லை. தண்ணீர்முறை பார்க்கும் நம்கியால்தான் நடைமுறையாகப் பேசினவன். "தோட்டம் எங்க நிக்குதோ அங்க தண்ணி விடுறேன். அது பின்னாடி என்னை ஓடச் சொல்லாதீங்க, எனக்கு முட்டி வலி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வசந்தம் வந்தது. டிஸ்கித் கூடை மண்ணைத் தூவினாள். ஊரிலேயே முதலில் பனி விட்டது அவள் வாசலில்தான். முள்ளங்கி, கடுகுக்கீரை, நூல்கோல், பட்டாணி என்று விதைத்தாள்; எல்லாம் முளைத்தது. அந்த முதல் சில வாரங்கள் அவள் நடையே வேறாக இருந்தது. அதன் பிறகுதான் தெரிந்தது, வந்த தோட்டம் வந்த இடத்திலும் நிற்காது என்று. அவள் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் அது பாதிவழி வரை வந்தது. முதல் உழவுப் பூஜைக்குப் போனால் முள்வேலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, எருதுகளுக்கு முன்னால் நின்றது. ஒருநாள் அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சம்லிங்கில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் தோட்டம் பாலத்தைத் தாண்டி வந்து, ஆட்டத்துக்காகப் பெருக்கி வைத்திருந்த களத்தின் நட்டநடுவில் உட்கார்ந்துவிட்டது.

தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, கல்யாணத்துக்கு வான்னுதானே சொன்னேன்? தோட்டத்துக்குமா பத்திரிகை வச்சேன்?"

"அது சின்னப்புள்ள மாதிரிடி. விட்டுட்டு வந்தா ஏங்கிப்போயிரும்," என்று டிஸ்கித் சமாளித்தாள். ஆடுகிறவர்கள் தோட்டத்தைச் சுற்றியே ஆடினார்கள். சாங் ஏறிய இரண்டு பேர் பட்டாணிக் கொடி தடுக்கி விழுந்தார்கள். கல்யாணம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அடுத்த விருந்துக்கு அழைக்க வந்தவர்கள், நீங்க வாங்க, நீங்க மட்டும் வாங்க என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அலைகிற தோட்டத்தில் என்ன விளையும்? வேர் பிடிப்பதற்குள் மண் நகர்ந்தது. பட்டாணி பூத்தது, காய்க்கவில்லை. கடுகுக்கீரை இரண்டு இலை விட்டு மஞ்சளானது. நூல்கோலைப் பிடுங்கிப் பார்த்தால் சுண்டுவிரல் மொத்தம்கூட இல்லை. டிஸ்கித் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். ஆனால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. அவள் நடந்த நடைக்கெல்லாம் தோட்டமும் முன்னும் பின்னும் நகர்ந்து, நாளெல்லாம் சரசரவென்று சத்தம். மோதுப் காதில் கம்பளியை அடைத்துக்கொண்டு தூங்கினான்.

பெரிய வீட்டில் நிலைமை இன்னும் மோசம். யாங்டோல் முழுகாமல் இருந்தாள். வறுத்த பார்லி மாவும் வெண்ணெயும் தட்டாமல் கிடைத்தன, பச்சையாக ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்தில் அவரவர் தோட்டம் அவரவர் வாய்க்கே சரியாக இருந்தது. கோடை பாதியில் அவள் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. கால் வீங்கியது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா பார்த்துவிட்டு, கீரை சாப்பிடு, இல்லாவிட்டால் உனக்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து என்று பச்சையாகச் சொல்லிவிட்டாள். யாங்டோல் அதை யாரிடமும் சொல்லவில்லை. சண்டை போடவும் இல்லை, அழவும் இல்லை. வீட்டு மேல்கூரையில் பூசியிருந்த மண்ணைச் சுரண்டி, கூடை கூடையாக இறக்கி, அந்தக் குழியை நிரப்ப ஆரம்பித்தாள். கூரை மண் செத்த மண்; அதில் ஒன்றும் முளைக்காது என்று எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். பெரிய வீட்டில் வானம் தெரிய ஆரம்பித்ததும் ரிக்ஸின் கத்தினான். அவள் பாட்டுக்கு இறக்கிக்கொண்டிருந்தாள்.

டிஸ்கித் அதைப் பார்த்தது ஒரு மத்தியான வேளையில். நிறைமாதம் நெருங்குகிற வயிற்றோடு மருமகள் ஏணியில் மண்கூடையோடு இறங்குகிறாள். டிஸ்கித் ஓடினாள். தோட்டமும் பின்னால் ஓடிவந்தது.

"ஏண்டி, ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? எறங்கு மொதல்ல! வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு ஏணியிலயா ஏறுவ?"

யாங்டோல் நிதானமாக இறங்கி, கூடையைக் குழியில் கவிழ்த்துவிட்டு, முதுகை நிமிர்த்தினாள். உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது. "மாடிப்படிக்கடியில கூடை இல்லன்னு நீங்க எறங்கிப் போன மறுநாளே பாத்துட்டேன்மா," என்றாள்.

டிஸ்கித் கேட்டாள்: "பாத்துட்டு ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இல்லன்னு சொல்லியிருப்பீங்க. பொய் சொன்ன மாமியாரோட எப்படிக் காலம் தள்றது? அதான் கேக்கல."

டிஸ்கித் அங்கேயே பொத்தென்று உட்கார்ந்தாள். வாழ்க்கையில் யாரும் அவளை இப்படி அடித்ததில்லை. அதுவும் கையை ஓங்காமல். கூடையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் மண்ணைத் தூவியாகிவிட்டது. தோட்டத்தை இங்கே கொண்டுவர ஒரே வழி அவள் இங்கே இருப்பது. அந்தக் கூரைக்குக் கீழே அவள் தங்கவும் கூடாது. யோசித்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, தலையைத் தூக்கிப் பார்த்தால் குழி நிரம்பியிருந்தது. தோட்டம் மெல்ல வந்து பழைய இடத்தில் இறங்கி, நாய் படுப்பதுபோல் இரண்டு தரம் அசைந்து கொடுத்துப் படுத்திருந்தது. கோணல் வில்லோ மரம் அதன் மூலைக்கே வந்து நின்றது. டிஸ்கித் எழுந்தாள், தோட்டமும் எழ ஆரம்பித்தது. அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவள் அங்கேயே உட்கார்ந்தாள். குழி ஓரத்தில் அடுப்படி ஜன்னலுக்கு நேராக ஒரு கல் கிடந்தது, அதுதான் இடம். இடையர்கள் மலைக்குக் கொண்டுபோகும் யாக் மயிர்க் கூடாரத்தை மோதுப் கொண்டுவந்து மேலே கட்டினான். கூடாரம் கூரை ஆகாது என்று ஊர் ஒப்புக்கொண்டது. கை சும்மா இருக்காது என்பதால் கம்பளி நூற்றாள். நூற்று முடித்த நூலையே பிரித்து மறுபடி நூற்றாள். கால் அரித்தது, தொடை துடித்தது, எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. சம்லிங்கில் மேளம் கேட்கும்போதெல்லாம் இது யார் வீட்டுக் கல்யாணம், எந்த வீட்டுப் பிள்ளைக்கு விருந்து என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, போக முடியாத ஆத்திரத்தில் மோதுப்பைத் திட்டினாள். அவன் தேநீரை வைத்துவிட்டு, "நீ உக்காந்து பாக்கணும்னு முப்பது வருசமா எனக்கு ஒரு ஆசை. இப்பத்தான் நிறைவேறிச்சு," என்றான். வாளியைத் தூக்கி எறியப் போனாள். எறிய எழுந்திருக்க வேண்டும் என்பதால் விட்டுவிட்டாள்.

மண்ணுக்கு இருப்பு பழகியது. விதைத்த கடுகுக்கீரை சீக்கிரமே கைக்கு வந்தது. பறித்து ஜன்னல் வழியாக உள்ளே நீட்டுவாள். யாங்டோல் வாங்கிக்கொள்வாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஈறில் ரத்தம் நின்றது. கால் வீக்கம் வடிந்தது. பட்டாணி கடைசி நேரத்தில் காய்த்தது, நூல்கோல் பிள்ளையின் தலை அளவுக்குப் பருத்தது. இலை உதிரும் காலத்தில் ஒரு விடிகாலை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெண் குழந்தை அழும் சத்தம் கேட்டது. டிஸ்கித் எழுந்து ஓடப் போனாள். பாதி எழுந்தவள் தோட்டத்தைப் பார்த்தாள். வேரோடு நிற்கிற நூல்கோலைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று அவள் அழுதது பேத்தி பிறந்த சந்தோஷத்தில் என்று ஊர் சொல்லிக்கொண்டது. அது பாதிதான் நிஜம்.

குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்துக்கு ஊரே வந்தது. வெண்ணெய் குழைத்துக் கோபுரம் பிடித்த மாவு வந்தது, நூல்கோலும் ஆட்டிறைச்சியும் போட்ட குழம்பு கொதித்தது. அப்போது கடைசி நூல்கோல்களும் வெள்ளைப் பூண்டும் இன்னும் மண்ணில்தான் இருந்தன. அதனால் டிஸ்கித் கல்லைவிட்டு எழவில்லை. முதல் ஆளாக நுழைகிறவளுக்கு வெளியே தட்டு வைத்தாயிற்று. "மகாராணி எந்திரிக்க மாட்டாங்களாம், பல்லக்கு கொண்டாங்க," என்று சம்லிங் தங்கை கேலி செய்தாள். ஜனங்கள் உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் விருந்து மொத்தமும் தோட்டத்தைச் சுற்றிக் குளிரிலேயே நடந்து முடிந்தது. யாங்டோல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தானே வெளியே வந்தாள். நோர்ஸோம் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று சொல்லி மாமியார் மடியில் போட்டாள். "பாத்துக்கோங்கம்மா, நான் போய்ச் சாப்பிட்டு வர்றேன்," என்று உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வேண்டுமென்றேதான் வரவில்லை.

பனிக்காலத்தில் தோட்டத்தில் வேர் எதுவும் இல்லாததால் டிஸ்கித் குட்டி வீட்டுக்குப் போனாள். தோட்டமும் போய் வாசலில் படுத்துக்கொண்டது, யாருக்கும் நஷ்டமில்லை. பனி விடும் சமயத்தில் அதைக் கூட்டிக்கொண்டு மறுபடி கல்லுக்கு வந்தாள். இந்த முறை உட்காருவது இன்னும் கஷ்டமாக இருந்தது. போன வருஷம் ஒரு உயிர் பிழைக்க வேண்டும் என்ற வெறி இருந்தது. இந்த வருஷம் வெறும் கல்தான். இனி சாகும்வரை கோடையெல்லாம் இங்கேதான் என்று நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. பக்கத்தில் விளையாட விட்டிருந்த நோர்ஸோம் தவழ ஆரம்பித்திருந்தாள். சம்லிங்கில் வில்வித்தைத் திருவிழா, காலையிலிருந்து மேளம். டிஸ்கித் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கால் ஆட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை ஒரு கை மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது.

"துப்பு! துப்புடி சனியனே!" டிஸ்கித் விரலை விட்டு வழித்தாள். நோர்ஸோம் விரலையும் கடித்து, மண்ணையும் விழுங்கி, இன்னும் கேட்டாள். யாங்டோல் வந்து, சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

தோட்டம் அசைந்தது. டிஸ்கித் உட்கார்ந்தபடியேதான் இருந்தாள், நூல்கூட அறுபடவில்லை. தோட்டம் அவளைக் கடந்து, கல்லை ஒதுக்கிவிட்டு, ஓரிரு எட்டு தூரம் நகர்ந்து அடுப்படி வாசற்படியில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் எழுந்தாள். ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். வாய்க்கால் வரை போனாள். திரும்பிப் பார்த்தால், வில்லோ மரம் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

மோதுப் தேநீரோடு வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "நீ அந்த மண்ண முதுகுல தூக்கின. பேத்தி வயித்துல தூக்கியிருக்கா. எது கிட்டன்னு அதுக்குத் தெரியாதா?"

டிஸ்கித் தேநீரை நின்றபடியே குடித்து முடித்தாள். நேரே சம்லிங்குக்குப் போனாள். தனியாக. பாலத்தில் அவள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. திருவிழாவில் கடைசி ஆளாக இருக்கும்வரை ஆடினாள், குடித்தாள், தங்கையோடு பழைய சண்டையைத் தீர்த்துப் புதுச் சண்டை ஒன்றை ஆரம்பித்தாள். குட்டி வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வாசல் மொட்டையாக இருந்தது. அங்கே நின்று வாய்விட்டு அழுதாள். எது போக வேண்டும் என்று துடித்தாளோ அது போனதற்குத்தான் அழுதாள்.

குழந்தை போகிற தூரம் அடுப்புக்கும் வாசலுக்கும்தானே. அந்த அளவு நகர்ந்தது தோட்டம், விளைச்சலுக்குக் குறையில்லை. நோர்ஸோம் நடந்தாள், ஓடினாள், ஆடு மேய்த்தாள். தோட்டமும் கூடவே போய்ப் பழகி, அலைந்துகொண்டே காய்க்கவும் கற்றுக்கொண்டது. டிஸ்கித் எல்லா விருந்துக்கும் போனாள். யாங்டோலுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தன, கூரைக்குப் புது மண் போட்டார்கள், மண்ணெண்ணெய்க்குப் பதில் கூரையில் சூரியத் தகடு வந்தது. நம்கியால் முட்டிவலியோடேயே செத்துப்போனான். ரிக்ஸின் ஊர் சிரித்ததை மறந்தான்.

நோர்ஸோமுக்கு ஊர்ப் பள்ளியில் படிக்கிற வயது தாண்டியதும் லே ஊரில் விடுதிப் பள்ளியில் சேர்க்க முடிவானது. குளிர்காலத்தில் வேறு வழியில்லை. உறைந்த ஆற்றின்மேல்தான் நடந்து போக வேண்டும். ரிக்ஸின் மகளைக் கூட்டிக்கொண்டு போனான். அவர்களுக்குப் பின்னால் தோட்டமும் பனிக்கட்டிமேல் இறங்கிப் போனது. ஆற்றில் போன சுமைகாரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள் என்றும், ராத்திரி குகைகளில் தங்கும்போது வில்லோ மரத்தில் எல்லோரும் காலணியைக் காயப்போட்டார்கள் என்றும் திரும்பி வந்த ரிக்ஸின் சொன்னான்.

அவர்கள் கிளம்பிய மறுநாள் காலை யாங்டோல் குட்டி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் மருமகளாக வந்து இன்னும் இருபது வருஷம்கூட ஆகவில்லை. முடியில் வெள்ளை எட்டிப்பார்த்தது. கையில் எதுவும் கொண்டுவரவில்லை. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மேலங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அந்தக் குழி," என்றாள். "அடுப்படி ஜன்னலத் தொறந்தா அந்தக் குழிதான் தெரியுது. என்னால உள்ள உக்காரவே முடியல."

டிஸ்கித்துக்கு அந்த முகம் தெரியும். அவளே போட்டுக்கொண்டிருந்த முகம்தான். உள்ளே போய் மூலையில் கிடந்த பழைய மண்கூடையை எடுத்து வந்தாள். அதை யாங்டோல் பார்த்தாள். இத்தனை வருஷமாக இருவரும் அந்தக் கூடையைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசியதில்லை. டிஸ்கித் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய வீட்டுக்கு நடந்தாள். குழி ஓரத்தில், தன் கல்லுக்குப் பக்கத்தில், கூடையைக் கவிழ்த்துப் போட்டாள்.

"இந்தா, இதுல உக்காரு. ஆரம்பத்துல கால் அரிக்கும். அப்புறம் பழகிரும்."

யாங்டோல் உட்கார்ந்தாள். டிஸ்கித்தும் தன் கல்லில் உட்கார்ந்தாள், யாரும் கேட்காமலே. நூற்கும் தக்கிளியை மருமகளிடம் கொடுத்தாள்.

கோடை விடுமுறைக்கு நோர்ஸோம் சாலை வழியாக லாரியில் வந்தாள். தோட்டம் பின்னால் கணவாய் ஏறி, கொஞ்சம் தாமதமாக, புழுதியோடு வந்து சேர்ந்தது. வில்லோ மரம் இன்னும் கொஞ்சம் கோணியிருந்தது. விடுதிச் சமையல்காரர் கீரையைக் கிள்ளியிருந்தார். பட்டாணி நன்றாகவே முற்றியிருந்தது. மாமியாரும் மருமகளும் நகர்ந்து இடம் விட்டார்கள்; அது குழியில் இறங்கிப் படுத்தது. பேத்தி வந்ததற்குப் பெரிய விருந்து வைக்க வேண்டுமே என்று டிஸ்கித் சொல்ல, யாங்டோல் கூடையை நிமிர்த்தி வைத்தாள். இருவரும் பட்டாணி உரிக்க ஆரம்பித்தார்கள்.